நாளைய வேலைக்கு இன்றைய ஊழியரைத் தயார்ப்படுத்துதல்: கொழும்பின் செயற்பாட்டு முகாமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் ஒரு களஞ்சியசாலையையோ, தொழிற்சாலையையோ, கப்பல் முகவர் அலுவலகத்தையோ நடத்தும் பொறுப்பில் இருப்பவரை இன்று இரண்டு பக்கமிருந்தும் நெருக்கடி சூழ்ந்திருக்கிறது. ஒரு பக்கம், வேலை தெரிந்தவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் அதிகம். அவர்களுள் பலர் முப்பது வயதை ஒட்டியவர்கள். அடுத்த சில ஆண்டுகளில் மேற்பார்வையாளராக வரவேண்டியவர்கள். மறுபக்கம், வேலையே மாறுகிறது. கொழும்புத் துறைமுகத்தின் மேற்குக் கொள்கலன் முனையம் 2025 ஏப்ரலில் தானியங்கிப் பாரந்தூக்கிகளோடு இயங்கத் தொடங்கியது. அங்கே நடப்பது அங்கேயே நின்றுவிடாது. துறைமுகத்தை நம்பியிருக்கும் பேலியகொட, ஒருகொடவத்தை, வத்தளைக் களஞ்சியங்களுக்கும், அவற்றிலிருந்து சரக்கு எடுக்கும் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கும் அதே வேகத்தில் ஆவணங்களைத் தயாரித்து, அதே வேகத்தில் லொறிகளை அனுப்ப வேண்டிய தேவை வந்துசேரும்.

இதற்கு விடையாகப் பெரும்பாலான நிறுவனங்கள் செய்வது, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பயிற்சிப் பட்டறை நடத்துவதுதான். வந்தவர்கள் சான்றிதழோடு திரும்புகிறார்கள்; மறுநாள் காலை அதே வேலையை அதே விதத்தில் செய்கிறார்கள். இந்த வழிகாட்டி சொல்ல வருவது ஒன்றுதான்: எதிர்காலத்துக்கான ஆயத்தம், நாம் ரோஸ்டர் என்று சொல்லும் பணிமுறை அட்டவணையில் எழுதப்பட்டால் நடக்கும்; எழுதப்படாவிட்டால் எவ்வளவு பணம் செலவழித்தாலும் நடக்காது. ரோஸ்டர் மனிதவளப் பிரிவின் கையில் இல்லை, செயற்பாட்டு முகாமையாளரின் கையில் இருக்கிறது. எனவே இந்தப் பொறுப்பும் அவருடையதே.

வேலையைப் பணிகளாகப் பிரித்துப் பாருங்கள்

பதவிப் பெயர்களை வைத்துக்கொண்டு எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது. "களஞ்சிய எழுதுவினைஞர்" என்ற பதவி இன்னும் ஐந்து ஆண்டுகளில் இருக்குமா என்று கேட்டால் எவராலும் நேர்மையாகப் பதில் சொல்ல இயலாது. ஆனால் அந்த எழுதுவினைஞர் ஒரு நாளில் செய்யும் பணிகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்துக் கேட்டால், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் தளத்தில் ஒரு முழுப் பணிமுறைக்கு உடனிருந்து பார்ப்பது. பகல் முறையோடு நிறுத்திவிடாமல் இரவு முறையையும் பாருங்கள்; ஏனெனில் இரவில்தான் விதிப்புத்தகத்தில் இல்லாத முடிவுகள் எடுக்கப்படுகின்றன, அவற்றை எடுப்பவர் யார் என்பதும் அப்போதுதான் தெரியவரும். குறிப்பேட்டில் வினைச்சொற்களாக எழுதுங்கள்: திறக்கிறார், எண்ணுகிறார், ஒப்பிடுகிறார், பதிகிறார், தொலைபேசியில் பேசுகிறார், முடிவெடுக்கிறார்.

பேலியகொடவில் ஒரு களஞ்சியத்துக்குக் கொள்கலன் வந்து சேர்வதை எடுத்துக்கொள்வோம். முத்திரை உடைபடாமல் இருக்கிறதா, அதன் இலக்கம் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்று ஒருவர் பார்க்கிறார். கதவைத் திறந்து பெட்டிகளை இறக்குகிறார்கள். இன்னொருவர் எண்ணிக்கையை விலைப்பட்டியலோடும் பொதிப்பட்டியலோடும் ஒப்பிடுகிறார். நனைந்த, நசுங்கிய பெட்டிகளைத் தனியே ஒதுக்குகிறார்கள். பின்னர் எல்லாவற்றையும் கணினியில் பதிகிறார்கள். இறுதியாக, சேதத்தைப் பற்றி இறக்குமதியாளரோடும் காப்புறுதிக் கம்பனியோடும் யாராவது பேச வேண்டும். படம் எடுக்க வேண்டும். சேதத்தை மதிப்பிடும் அளவாய்வாளர் வரும்வரை சரக்கைத் தொடாமல் வைப்பதா அல்லது இடமின்மையால் நகர்த்துவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

இந்த வரிசையில் கணினியில் பதியும் பணி மிக விரைவில் போய்விடும். பட்டைக்குறி வருடியும் ஆவணத்தைத் தானே வாசிக்கும் மென்பொருளும் அதைச் செய்துவிடும். எண்ணும் பணி பாதியாகும். முத்திரை பார்ப்பது நெடுநாள் நிலைக்கும். சேதம் பற்றிய தீர்மானமோ குறையாது. சரக்கு வேகமாக நகரும்போது அந்தத் தீர்மானத்தை இன்னும் விரைவாக, இன்னும் சரியாக எடுக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் இன்று ஆறு மணிநேரம் தட்டச்சு செய்யும் எழுதுவினைஞரை எந்தத் திசையில் நகர்த்த வேண்டும் என்பது தெளிவாகிறது: சேதமதிப்பீடு, காப்புறுதி ஆவணம், வாடிக்கையாளரோடு பேசுதல் ஆகியவற்றின் பக்கம். அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்த பெட்டிகளின் அறிவு அங்கேதான் பயன்படும். அவருக்குப் பொதுவான "கணினிப் பயிற்சி" கொடுத்து அனுப்புவது, மறையப்போகும் பணியில் அவரை இன்னும் ஆழமாக நடுவதாகும்.

ஒவ்வொரு பணிக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டால் போதும். இதில் எந்தப் பகுதி மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது? எந்தப் பகுதிக்கு மனிதரின் தீர்ப்பு வேண்டும்? இதைச் செய்பவர் நாளை வராவிட்டால் என்ன நிற்கும்? மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் கிடைக்கும் விடை கவலை தருவதாகவே இருக்கும்.

திறன் அட்டவணை

கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. பெயர்கள் கீழ்நோக்கியும் பணிகள் பக்கவாட்டிலுமாக ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஊழியர் அந்தப் பணியில் எந்த நிலையில் இருக்கிறார் என்று குறிப்பார்கள். எந்தத் தையல் இயந்திரத்தில் யாரை இருத்தலாம் என்பதை அதைப் பார்த்தே காலையில் தீர்மானிப்பார்கள். அதே கருவியைக் களஞ்சியத்துக்கும், ஆவணப் பிரிவுக்கும், பராமரிப்புப் பட்டறைக்கும் கொண்டுவரலாம். ஐந்து நிலைகள் போதுமானவை: தெரியாது, கற்கிறார், உடன் ஒருவர் இருந்தால் செய்வார், தனியே செய்வார், பிறருக்குக் கற்பிப்பார்.

அட்டவணையை நிரப்பும்போது மேற்பார்வையாளரும் ஊழியரும் சேர்ந்து உட்கார்ந்து நிலையை ஒத்துக்கொள்ள வேண்டும்; அதன்பின் அந்தப் பணியை அவர் செய்வதை ஒருமுறை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். கேட்டு மட்டும் எழுதிய அட்டவணை, யார் தன்னைப் பற்றித் துணிவாகப் பேசுவார், யார் கூச்சப்படுவார் என்பதையே காட்டும். இந்தத் தாளை வைத்து எவருடைய கொடுப்பனவையும் குறைக்கமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். அதைச் செய்ய இயலாத நிறுவனம் இந்த அட்டவணையைத் தொடங்காமலே இருக்கலாம். பயத்தில் நிரப்பிய தாளால் எவருக்கும் பயனில்லை.

நிரப்பிய அட்டவணையைப் பலர் பெயர் பெயராக வாசித்து, யார் கெட்டிக்காரர் என்று பார்ப்பார்கள். நீங்கள் அதைப் பணி பணியாக, மேலிருந்து கீழே வாசியுங்கள். ஒரு பணிக்கு எதிரே "தனியே செய்வார்" என்ற குறி ஒரே ஒருவருக்கு இருந்தால், அங்கே உங்கள் நிறுவனம் அந்த ஒருவரின் உடல்நலத்தை நம்பி நிற்கிறது. அவர் ஐம்பத்தைந்தைத் தாண்டியவராக இருந்தால் நிலைமை இன்னும் தெளிவு. தனியார் துறை ஊழியரின் மிகக் குறைந்த ஓய்வுபெறும் வயதை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 60 ஆக்கியிருக்கிறது. ஆகவே அவருடைய பிறந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு, எந்த ஆண்டுக்குள் அவருடைய அறிவு இன்னும் இருவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை இன்றே எழுதிவிடலாம். முக்கியமான ஒவ்வொரு பணிக்கும் மூவர் என்பது நல்ல இலக்கு. ஒருவர் விடுமுறையில் இருந்து, இன்னொருவர் நோயில் படுத்தாலும் வேலை நிற்காது.

இந்த அட்டவணையில் மேன்பவர் ஊழியர்களையும் சேருங்கள். பல கொழும்புக் களஞ்சியங்களில் ஏற்றி இறக்கும் வேலையின் பெரும்பகுதி முகவர் மூலம் வருபவர்களாலேயே நடக்கிறது. ஆயினும் எந்தப் பயிற்சித் திட்டத்திலும் அவர்களுடைய பெயர் இருப்பதில்லை. சரக்கைக் கையால் தொடுபவர் அவர்தான். சேதத்தை முதலில் காண்பவரும் அவர்தான். புறக்கோட்டையில் நாட்டாமிமார் தலைமுறைகளாக மூட்டை சுமந்திருக்கிறார்கள். எந்தச் சரக்கு எந்தக் கடைக்கு உரியது, எதை எப்படி அடுக்கினால் சரியாது என்று அவர்களுக்குத் தெரிந்ததில் எவ்வளவு எழுத்தில் இருக்கிறது? அந்த அறிவை மதிக்காமல் விடுவது அநீதி என்பதோடு, தொழிலுக்கும் நட்டம்.

நேரத்தை ரோஸ்டரில் எழுதுங்கள்

எல்லா முயற்சிகளும் வந்து முட்டி நிற்கும் இடம் இதுதான். அட்டவணை தயார், யார் எதைக் கற்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் "இந்த வாரம் சரக்கு அதிகம், அடுத்த வாரம் பார்ப்போம்" என்று ஒவ்வொரு வாரமும் கழியும். அடுத்த வாரமும் சரக்கு அதிகமாகவே இருக்கும். கற்கும் நேரத்துக்கு ரோஸ்டரில் பெயரும் மணியும் இட்டாலன்றி அது நடக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல. இருபது பேர் உள்ள ஒரு பணிமுறையில், நாள்தோறும் ஒருவரை இரண்டு மணிநேரம் வழக்கமான வேலையிலிருந்து விடுவிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 வேலை நாட்களில் அது 50 மணிநேரம். இருபது பேர் எட்டு மணிநேரம் வீதம் மாதம் முழுவதும் செய்யும் வேலை 4,000 மணிநேரம். அதில் 50 என்பது நூற்றுக்கு ஒன்றேகால். அந்த இடைவெளி முழுவதையும் மேலதிக நேர வேலையால் நிரப்பினாலும், ஒன்றரை மடங்குக் கொடுப்பனவின்படி 75 மணிநேரச் சம்பளமே செலவு. தெரிந்த ஒருவர் இல்லாமல் ஒரு கொள்கலன் இரண்டு நாள் தாமதித்தால் கட்டும் தாமதக் கட்டணத்தோடு இதை ஒப்பிட்டு, அந்த இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் எழுதி நிதிப் பணிப்பாளரிடம் காட்டுங்கள்.

அந்த 50 மணிநேரத்தை இருபது பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு இரண்டரை மணிநேரம் வரும். அதில் எவரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே ஆபத்தான பணிகளை முன்னே வைத்து, இந்த மாதம் ஐந்து பேருக்குத் தலா பத்து மணிநேரம் கொடுங்கள். அடுத்த மாதம் வேறு ஐந்து பேர். யார் எப்போது என்ற வரிசையை எல்லாரும் காணும்படி ஒட்டிவைத்தால், "எனக்கு ஏன் இல்லை" என்ற மனக்குறை எழாது.

ஞாயிற்றுக்கிழமையில் பயிற்சி வைப்பதை நான் ஏற்பதில்லை. கொழும்பில் வேலை செய்யும் நம் ஊழியர்களில் எத்தனையோ பேர் ஹட்டனிலும் வவுனியாவிலும் குடும்பத்தை விட்டுவிட்டு, மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஊருக்குப் போகக் கிடைக்கும் ஒரு நாளை வாங்கிக்கொண்டு கற்பித்தால், கற்பது தண்டனையாகிவிடும். பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய பெண் ஊழியர்கள் வரமாட்டார்கள். வராதவர்களுக்குப் பதவி உயர்வும் வராது. பயிற்சி வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு நடக்கட்டும்.

மாதங்களையும் தேர்ந்துகொள்ளுங்கள். இறக்குமதிக் களஞ்சியங்களுக்குத் தீபாவளி தொடங்கி நத்தார் வரை மூச்சுவிட நேரமில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் அவ்வாறே, பின்னரோ ஆட்கள் ஊரிலிருந்து திரும்பச் சில நாட்கள் செல்லும். அந்த வாரங்களில் புதிதாக எதையும் தொடங்காமல், கற்றதைச் செய்துபார்க்க மட்டும் விடுங்கள்.

கற்பிக்கும் முறை

"அவரோடு நின்று பார்த்துப் பழகு" என்பதே நம் தளங்களில் இன்றும் பெரும்பாலும் பயிற்சி. பழகுபவருக்குக் கெட்டிக்காரரின் கை வேகம் தெரியும். அந்த வேகத்துக்குக் காரணம் தெரியாது. இதைவிட நல்ல முறை பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது. 1940 முதல் 1945 வரை, வேலை தெரிந்தவர்கள் போருக்குப் போய்விட, தொழிற்சாலை வாசலையே மிதிக்காதவர்களை விரைவாகப் பழக்க வேண்டிய நிலையில், அமெரிக்க அரசு "தொழிலகத்துக்குள் பயிற்சி" என்ற திட்டத்தை நடத்தியது. அது பின்னர் யப்பானுக்குப் போய் டொயோட்டாவின் வேலைமுறையில் ஊறிப்போனது. ஆட்கள் போய்விட்ட இடத்தைப் புதியவர்களால் நிரப்ப வேண்டிய இன்றைய கொழும்புக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

அதன் நான்கு படிகள் எளியவை. முதலில் கற்பவரின் பதற்றத்தைத் தணித்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிய வேண்டும். அடுத்து வேலையைச் செய்து காட்ட வேண்டும்: ஒருமுறை படிகளை மட்டும் சொல்லி, மறுமுறை ஒவ்வொரு படியிலும் கவனிக்க வேண்டிய நுட்பத்தைச் சொல்லி, மூன்றாம் முறை அந்த நுட்பம் ஏன் தேவை என்பதையும் சொல்லி. மூன்றாவதாக, கற்பவர் செய்ய வேண்டும். செய்யும்போது படியையும் நுட்பத்தையும் காரணத்தையும் அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியாக அவரைத் தனியே விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் போகலாம் என்று ஒரு பெயரைச் சொல்லி, முதலில் அடிக்கடியும் பின்னர் இடைவிட்டும் வந்து பார்க்க வேண்டும். நம் தளங்களில் விடுபட்டுப்போவது காரணத்தைச் சொல்லும் பகுதிதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரிடம் "சரிவில் சுமையோடு இறங்கும்போது பின்னோக்கி ஓட்டு" என்று சொன்னால் பார்க்க ஆளில்லாதபோது மறப்பார். முன்னோக்கி இறங்கினால் சுமை முள்ளிலிருந்து வழுக்கி விழும், வண்டியும் கவிழலாம் என்று புரிந்தவர் மறக்கமாட்டார். காரணம் தெரிந்தவரால்தான் நாளை வேறொரு இயந்திரம் வந்தாலும் அதற்கேற்ப மாறிக்கொள்ள முடியும்.

கற்பிப்பவராக மிகத் திறமையானவரையே தேர்வது வழக்கம். பொறுமையானவரைத் தேருங்கள். அவருக்கு அந்த நேரத்துக்குரிய கொடுப்பனவும் கொடுங்கள். தன் இலக்கு எண்ணிக்கை குறைந்து ஊக்குவிப்புப் பணம் போகும் என்று அஞ்சுபவர் மனமுவந்து கற்பிக்கமாட்டார்.

மொழியைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் சிங்களத்தில் விளக்குகிறார், கணினித்திரை ஆங்கிலத்தில் எச்சரிக்கிறது, இயந்திரத்தின் முன் நிற்பவரோ தமிழில் சிந்திக்கிறார் என்பது கொழும்பில் அன்றாடக் காட்சி. அவர் தலையசைப்பார், புரியவில்லை என்று பலர் முன் சொல்லமாட்டார். அந்தத் தலையசைப்பை நம்பி அட்டவணையில் "தனியே செய்வார்" என்று குறிக்கக்கூடாது. பணிமுறைத் தாள்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். திரையில் அடிக்கடி வரும் பிழைச்செய்திகளை, அவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கத்தோடு இரு மொழிகளிலும் அச்சிட்டு இயந்திரத்தின் அருகே ஒட்டுங்கள். ஊழியர் ஒருவர் தம் மொழியில் விளக்கிக்கொண்டே செய்யும் இரண்டு மூன்று நிமிடக் காணொளியைக் கைத்தொலைபேசியிலேயே எடுக்கலாம். எடுக்குமுன் அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்று, அது எதற்குப் பயன்படும், அவர் வேலையை விட்டுப் போனபின் என்னவாகும் என்றும் சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இது நல்லெண்ணத்தோடு மட்டும் நிற்கும் விடயமல்ல.

மேற்பார்வையாளரை முதலில் தயார்ப்படுத்துங்கள்

ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு மேற்பார்வையாளரை விட்டுவிட்டால், கற்ற புதுமுறையை முதலில் நிறுத்துபவர் அவராகவே இருப்பார். அதில் அவர் மேல் பிழை காண்பதற்கில்லை. இருபது ஆண்டுகளாக அவருடைய மதிப்பு, எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டதும் சொல்லும் திறமையில் இருந்தது. இப்போது அதைத் திரை சொல்கிறது. இனி அவரிடம் எதிர்பார்ப்பது வேறு: திரை சொல்வதும் தளத்தில் இருப்பதும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிப்பது, புதியவரைக் கைதூக்கிவிடுவது, பிரச்சினை திரும்ப வராதபடி அடைப்பது. இந்த மாற்றத்தை அவரிடம் எவரும் உட்கார்ந்து பேசியிருக்கமாட்டார்கள். நீங்கள் பேசுங்கள்.

மூத்தவரையும் இளையவரையும் இணை சேர்க்கும்போது மரியாதையைக் காக்க வேண்டும். உயர்தரம் முடித்து நேற்று வந்த தம்பி, "அண்ணா" என்றும் "ஐயா" என்றும் அழைக்கும் ஒருவருக்குக் கைக்கணினியைச் சொல்லிக்கொடுப்பது இருவருக்குமே கூச்சமானது. கொடுக்கல் வாங்கலை இரு பக்கமும் ஆக்கிவிட்டால் அந்தக் கூச்சம் நீங்கும். இளையவர் கைக்கணினியைக் கற்பிக்கட்டும். மூத்தவர் நனைந்த பெட்டியின் உள்ளே சரக்கு கெட்டதா இல்லையா என்று வெளியிலிருந்தே அறியும் விதத்தைக் கற்பிக்கட்டும். இரண்டுமே திறன் அட்டவணையில் சம இடம் பெறட்டும்.

சான்றிதழ் கொடுத்தால் போய்விடுவார்களா?

தளத்தில் பல ஆண்டு உழைத்தும் கையில் ஒரு தாள் இல்லாதவர்கள் நம்மிடையே ஏராளம். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையில் இயங்கும் தேசிய தொழிற்தகைமை முறையில், என்.வி.கியூ. என்று நாம் சொல்வதில், 7 மட்டங்கள் உண்டு: 1 முதல் 4 வரை தேசிய சான்றிதழ், 5ஆம் 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு நிகர். வகுப்பறைக்குப் போகாமலே, செய்த வேலையின் அனுபவத்தை மதிப்பிட்டு இந்தச் சான்றிதழைத் தரும் முன்கற்றல் அங்கீகார முறையும் இருக்கிறது; நைட்டா என்று அறியப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை அதை நடத்துகிறது. ஊழியர் தம் அனுபவத்துக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். ஆதாரங்களில் முக்கியமானது வேலைகொடுப்பவரின் சேவைக் கடிதம். அந்தக் கடிதத்தை இழுத்தடிக்காமல் கொடுங்கள்; மதிப்பீட்டு நாளைச் சம்பளத்தோடு கூடிய நாளாக்குங்கள்.

சான்றிதழைக் கொடுத்தால் வெளிநாடு போய்விடுவார் என்று அஞ்சுகிறவர்களை எனக்குத் தெரியும். போக நினைப்பவர் சான்றிதழ் இல்லாமலும் போகிறார். குறைந்த சம்பளத்துக்கு, தகுதிக்குக் கீழான வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான். இருக்க நினைப்பவருக்கோ, இந்த நிறுவனத்தில் இருந்தால் வளரலாம் என்பதற்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் சான்று வேறில்லை. சான்றிதழோடு சம்பளப் படியையும் இணைத்துவிடுங்கள். 3ஆம் மட்டம் வந்தால் என்ன, 4ஆம் மட்டம் வந்தால் என்ன என்று எழுதி ஒட்டுங்கள். உயர விரும்பும் இளையவர்களுக்கு இரத்மலானையில் யுனிவொடெக் எனப்படும் தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமும் உண்டு.

இயந்திரம் வருமுன் பேசுங்கள்

தானியக்கத் திட்டம் பற்றிய செய்தி தளத்துக்கு எப்போதும் முகாமையாளருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். வழங்குநரின் ஆள் வந்து அளவெடுத்தபோதே பேச்சு தொடங்கியிருக்கும். மௌனம் காத்தால், நல்ல கையுள்ளவர்களே முதலில் வேறிடம் தேடுவார்கள்.

கொள்முதல் கட்டளை கையொப்பமாகுமுன் தொழிற்சங்கத்தையும் ஊழியர்களையும் அழைத்துப் பேசுங்கள். எந்தப் பணிகள் குறையும், எவை கூடும், எந்த மாதத்தில், அடிப்படைச் சம்பளத்துக்கு என்னவாகும், மேலதிக நேர வேலை குறைந்தால் அதனால் வரும் இழப்பை எப்படி ஈடுசெய்வோம் என்பவற்றைச் சொல்லுங்கள். மேலதிக நேரப் பணத்தை நம்பித்தான் பலருடைய வீட்டுக்கடன் தவணை போகிறது. அதை மறந்து அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசினால் உங்களை நம்பமாட்டார்கள். "ஒருவருக்கும் பாதிப்பில்லை" என்பதை உறுதியாகத் தெரிந்தாலொழியச் சொல்லக்கூடாது. இன்னும் முடிவாகாதது எது, எந்தத் திகதியில் முடிவாகும் என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

சட்டமும் இதே வழியைத்தான் காட்டுகிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். நீண்டகாலம் உழைத்தவருக்கு நட்டஈடும் கொடுக்க வேண்டிவரும். ஆகவே இயந்திரம் வந்தபின் ஆட்குறைப்பு என்பதைவிட, வருமுன்னரே மறுபயிற்சி என்பதே செலவிலும் சிக்கனம். ஏற்கெனவே உள்ள திறமையும் வீணாவதில்லை: பாரந்தூக்கியின் உயரக் கூண்டில் இருந்து வேலை செய்தவர், கட்டுப்பாட்டறையில் திரைமுன் உட்கார்ந்து அதே பாரந்தூக்கியை இயக்கும்போது, கொள்கலன் காற்றில் எப்படி ஆடும் என்ற அவருடைய கணிப்பு அவரோடே வருகிறது. அவர் புதிதாகக் கற்க வேண்டியது, உடலால் உணர்ந்ததைக் கண்ணால் மட்டும் உணர்வதே.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். ஆவணத்தை வாசித்து விபரங்களை எடுக்கும் கருவி, கடிதத்தின் வரைவை எழுதும் கருவி ஆகியவை கப்பல் முகவர் அலுவலகங்களுக்கு வந்துவிட்டன. அவற்றை இயக்கக் கற்பது எளிது. கடினமானது அவை தந்ததைச் சரிபார்ப்பது. சுங்கத் திணைக்களத்தின் அசிகுடா என்ற கணினி முறையில் பதியும் ஒரு பிரகடனத்தில், தீர்வையைத் தீர்மானிக்கும் பண்டக் குறியீடு தவறினால், தீர்வை வேறுபாடும் தண்டப்பணமும் நிறுவனத்தின் தலையில்தான் விழும்; கருவியைக் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. எனவே பயிற்சியைச் சரிபார்ப்பில் தொடங்குங்கள். பழைய ஆவணங்களில் சிலவற்றை எடுத்து, பெறுமதியிலோ எடையிலோ குறியீட்டிலோ வேண்டுமென்றே பிழைகளை நுழைத்து, கருவி தந்த விடையைப் போல அணியின் முன் வையுங்கள். யார் எதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்து, தவறவிட்டதைச் சேர்ந்து பேசுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால், கருவியை அளவோடு நம்பும் பழக்கம் வளரும். வாடிக்கையாளரின் விலைப்பட்டியலையோ ஊழியரின் அடையாள அட்டை இலக்கத்தையோ பொதுவான கருவிகளில் இடக்கூடாது என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

எதை அளப்பது, எப்போது

பயிற்சி மணிநேரத்தை எண்ணுவதால் பயனில்லை. ஒருவர் மட்டுமே செய்யத் தெரிந்த பணிகள் எத்தனை இருந்தன, இப்போது எத்தனை என்று எண்ணுங்கள். ஒருவர் வராததால் வேலை நின்ற நாட்களை எண்ணுங்கள். புதிதாகக் கற்றவர் முதல் மாதத்தில் விட்ட பிழைகளையும் மூன்றாம் மாதத்தில் விட்டவற்றையும் ஒப்பிடுங்கள். மேற்பார்வையாளர் ஒரு வாரம் விடுமுறையில் போய், ஒரு தொலைபேசி அழைப்பும் வராமல் திரும்பினாரா என்று கேளுங்கள். என் பார்வையில் இதுவே மிக நல்ல அளவுகோல்.

முதல் மாதம் பணிகளை எழுதுவதிலும் அட்டவணையை நிரப்புவதிலும் போகட்டும். இரண்டாம் மாதம் மிக ஆபத்தான மூன்று பணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ரோஸ்டரில் நேரம் ஒதுக்கத் தொடங்குங்கள். மூன்றாம் மாத முடிவில் அட்டவணையைப் புதிதாக வரைந்து, பழையதன் பக்கத்தில் ஒட்டி, ஊழியர்களையே அழைத்து அடுத்த மூன்று பணிகளைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். இங்குள்ள பல நிறுவனங்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகவே ஜூலைக்குள் ஆரம்பித்தால், ஜனவரியில் வரவுசெலவுத் திட்டம் பேச உட்காரும்போது இரண்டு அட்டவணைகளும் உங்கள் கையில் இருக்கும், கேட்க வேண்டிய மணிநேரக் கணக்கும் இருக்கும்.